வாழைத்தார் தூக்கும் கைக்கு ஒரு லேப்டாப்

மதுரை, டிசம்பர் 2009

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

இதை யாரிடமும் காட்டாதீர்கள், முக்கியமாகச் சித்தப்பாவிடம். அவர் பார்த்துவைத்த லேப்டாப்பை நான் வேண்டாம் என்கிறேன் என்று தெரிந்தால், "பொட்டப்புள்ளைக்குப் படிப்பே வேணாம்" என்று மறுபடி ஆரம்பித்துவிடுவார். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

போனில் நீங்கள், "தூக்கிப் பாத்தேன் ஆத்தா, நல்லா வெளஞ்ச வாழைத்தார் கணக்கா கனக்குது, உள்ள சரக்கு இருக்கு" என்றபோது வார்டன் பக்கத்தில் நின்றார், பேச முடியவில்லை. மார்க்கையன்கோட்டை வாழை மண்டியில் தராசு காட்டுவதற்கு முன்பே உங்கள் கை எடை சொல்லிவிடும். அந்தக் கையைப் பற்றி இங்கே நான் பெருமையடிக்காத நாளில்லை. ஆனால் அப்பா, லேப்டாப்பில் லேசானதுதான் உசத்தி.

எங்கள் கம்ப்யூட்டர் டீச்சர் நதியா மிஸ் வைத்திருப்பது சாப்பாட்டு டப்பா அளவுதான். அதில் விண்டோஸுக்குப் பதிலாக, காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் எவ்வளவு அழகாக ஓடுகிறது தெரியுமா! பள்ளியில் இருப்பது கனமானது. போன வாரம் மாடிக்குக் கொண்டுபோகும்போது பையின் வார் அறுந்து என் காலில் விழுந்தது. நகம்தான் கறுத்தது, பயப்படாதீர்கள்.

மிஸ் லினக்ஸ் ஏற்றித் தந்த பென் டிரைவை இதோடு வைத்திருக்கிறேன். கடையில் செருகச் சொல்லி, வைஃபையும் வருகிறதா என்று பாருங்கள். அது ஓடுகிற லேப்டாப்புகளில் எது லேசோ அதை எடுங்கள். சித்தப்பா கேட்டால் என் பேரைச் சொல்லாதீர்கள், கை சொல்லுது என்று சொல்லுங்கள். அந்தக் கையை அவர்கூட எதிர்த்துப் பேசமாட்டார்.

வரும்போது என் பழைய போர்வையைக் கொண்டுவாருங்கள். துவைக்க வேண்டாம், நம் வீட்டு வாசம்…

விளக்கை அணைக்கச் சொல்லி வார்டன் கதவைத் தட்டுகிறார். லேசானது, அப்பா, லேசானது