பத்து இருபதுக்கு வந்த செய்தி

டிசம்பர் 2

வேகவதி ஆற்றுத் தரைப்பாலத்தின் மேல் ஒன்றரை அடி தண்ணீர் ஓடுகிறது. காலை எட்டு மணிக்கு அளவுகோலைப் பார்த்துச் சொன்னவர் கிராம உதவியாளர் கோதண்டபாணி.

ராணுவ மீட்புக் குழு பள்ளிக்கூடத்தில் இறங்கியிருக்கிறது. தலைவர் மேஜர் துர்காதேவி, வேலூர்க்காரர். ஊர்த் தெருக்கள் தெரிந்த நிருபர் என்று என்னைத் தொலைபேசி மேசையில் உட்கார வைத்தார். மதியத்துக்குள் நாற்பத்திரண்டு தகவல்கள் எழுதி நீட்டினேன். சிரித்துவிட்டார்.

"என்ன சார், முழு பேப்பரே போட்டுட்டீங்க! ராசிபலன் ஒண்ணுதான் இல்ல."

கரும்பலகையில் மூன்றே கேள்விகள் எழுதினார். பாலம் தாங்குமா? நடக்க முடியாதவர்கள் எந்த வீட்டில்? ஆற்றின் மேல்பக்கத்து ஏரியைத் திறக்கிறார்களா?

"நான் முடிவெடுக்க இது போதும். இதுல எது வந்தாலும், நான் சாப்பிட்டுக்கினு இருந்தாலும் கையப் புடிச்சு நிறுத்துங்க."

முப்பத்தொரு வருட நிருபனுக்கு மூன்றே கேள்வியா?

டிசம்பர் 3

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

9.50 — நெசவாளர் வீரபாகுவின் மகள் கலைவாணி வந்தாள். "தறிக்குழியில தண்ணி ரொம்பிப் போச்சு மாமா. அப்பா இடுப்பு ஒடஞ்சு கட்டில்லயே படுத்துக்கினு இருக்காரு." உடனே மேஜரிடம் சொன்னேன்.

10.20 — செவிலியர் எஸ்தர், போனில்: "ஏரியத் தொறந்துட்டாங்களாம்ணா. ஜனங்க சொல்லுது, நான் பாக்கல." நோட்டில் 'உறுதியாகவில்லை' என்று குறித்தேன். இன்னொருவரும் உறுதி சொல்லாமல் பத்திரிகைக்கு ஒரு வரியும் நான் கொடுத்ததில்லை. ஏரிப் பொறுப்பு அதிகாரிக்குப் போன் போட்டேன். பிஸி.

10.25 — வீரபாகு வீட்டுக்குப் படகை அனுப்புமுன் மேஜர் கேட்டார்: "ஏரி?"

"இன்னும் ஒண்ணும் இல்ல மேடம்."

ஒண்ணும் இல்லையா? அப்படியா சொன்னேன்?

10.55 — அதிகாரி உறுதி செய்தார். சொல்ல எழுந்தபோதே வயர்லெஸ்ஸில் கத்தல். வீரபாகுவை ஏற்றிவந்த படகு ஏரித் தண்ணீரில் கவிழ்ந்துவிட்டது. வீரர்கள் மூவரும் மரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். வீரபாகுவைக் காணவில்லை.

"எப்ப வந்துது சார் இந்தச் சேதி?"

சொன்னேன். மேஜர் கத்தவில்லை.

"உறுதி உங்களுக்கு வேணும், அச்சடிக்க. எனக்குச் சந்தேகமே போதும். பக்கத்து மாடியில அவர ஏத்திட்டு அங்கயே நில்லுங்கன்னு சொல்லியிருப்பேன்."

டிசம்பர் 4

தேடினார்கள். இல்லை.

கலைவாணியிடம் நடந்ததையெல்லாம் நானே சொன்னேன். "பத்து இருபதுக்கேவா மாமா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

டிசம்பர் 5

நேரங்களை அப்படியே எழுதிக் கையெழுத்திட்டு மேஜரிடம் கொடுத்தேன். மேசையை விட்டு எழுந்தேன். "அப்புறம் போன யாரு எடுக்கறது? உக்காருங்க" என்றார்.

பிற்பகல் 3.10 — எஸ்தர். ஆற்றின் கீழ்ப்பக்கம் முள்மரத்தில் வேட்டி ஒன்று சிக்கியிருப்பதாக மாடு மேய்க்கிறவர் சொன்னாராம். அவள் பார்க்கவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமலே மேஜரிடம் சொன்னேன். 3.14-க்குப் படகு போயிற்று.

கலைவாணியிடமும் சொல்லிவிட்டேன், உறுதியில்லை என்பதையும் சேர்த்து. நாற்காலியை இழுத்துப் போட்டு என் மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

படகு திரும்ப ஐந்து மணி ஆகும்.