டிரெய்லருக்குப் புதுப் பாவாடை

செப்டம்பர் 3, புதன்

அரிசோனாவிலிருந்து கடிதம். வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகிற எங்கள் சக்கர வீட்டைக் குளிர்காலம் முழுக்க நிறுத்தித் தங்குகிற டிரெய்லர் பூங்காவுக்குப் புது நிர்வாகி வந்திருக்கிறாள், ட்வைலா என்று பெயர். பத்து வயதைத் தாண்டிய டிரெய்லர்களை நான்கு பக்கமும் படம் எடுத்து அக்டோபர் ஒன்றுக்குள் அனுப்ப வேண்டுமாம். அலங்கோலமாக இருந்தால் இந்தக் குளிர்காலத்துக்கு இடம் கிடையாது. எங்கள் டிரெய்லருக்கு இருபத்தொரு வயது. எனக்கு அறுபத்தேழு. என்னை யாரும் நான்கு பக்கமும் படம் கேட்கவில்லை, அதுவரைக்கும் சந்தோஷம்.

ஏப்ரலில் அங்கிருந்து வடக்கு டகோட்டாவில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வரும் வழியில் டயர் வெடித்து, வலது பக்கப் பாவாடையைக் கிழித்துக்கொண்டு போனது. சக்கரத்தைச் சுற்றி மூடுகிற உறையை நாங்கள் பாவாடை என்றுதான் சொல்வோம். என் புருஷன் ஹார்லன் அதில் வெள்ளி நிற டேப்பைச் சுற்றிவிட்டு, "யாரு பார்க்கப் போறா" என்றான். இதோ, ட்வைலா பார்க்கப் போகிறாள்.

செப்டம்பர் 4

"நாற்பத்தொண்ணாம் நம்பர் இடம் போனா என்ன, ஊர்ல வேற பூங்காவா இல்ல?" என்று கேட்கிறான் என் புருஷன்.

இருக்கிறது. ஆனால் பக்கத்து நாற்பத்திரண்டில் என் அக்கா வெர்னா இருக்கிறாள். அவளுக்கு இரண்டு கண்ணிலும் நடுவில் ஒன்றும் தெரியாது, ஓரத்தில் மட்டும் மங்கலாக ஏதோ. அவள் வாசலிலிருந்து எங்கள் வாசலுக்கு இருபத்தாறு அடி. தினமும் காலையில் ஒவ்வோர் அடியாக எண்ணிக்கொண்டே காபிக்கு வருவாள், யார் கையையும் பிடிக்காமல். தனியாக அவள் போய்வருகிற ஒரே இடம் எங்கள் வாசல்தான். அங்கே வேறு யாரோ வந்து நின்றால் — இல்லை, இதை எழுதவே பிடிக்கவில்லை.

செப்டம்பர் 10

பாவாடைப் பலகைகள் வந்தன. எங்கள் டிரெய்லரைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. அதனால் வெட்டாத முழு பிளாஸ்டிக் பலகையாகத்தான் கிடைக்கும். சக்கரத்துக்கான வளைவை நாமே வெட்டிக்கொள்ள வேண்டும். நான் இரண்டாக வாங்கச் சொல்லியிருந்தேன்.

"கிழிஞ்சது ஒண்ணு. எதுக்கு ரெண்டு?"

"உன்கூட நாற்பத்து மூணு வருஷமா குடித்தனம் பண்றேன்ல, அதுக்குத்தான்."

செப்டம்பர் 12

நான் கடைக்குப் போன நேரம் பார்த்து வெட்டிவிட்டான். ஜாக்கி வைத்து டிரெய்லரைத் தூக்கி, வளைவை வரைந்து, ரம்பம் போட்டு, ரிவெட் ஆணியும் அடித்தாகிவிட்டது. வெள்ளை வெளேரென்று பார்க்க அழகாகத்தான் இருந்தது. "எப்படி?" என்றான். "பிரமாதம்" என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பிறகு ஜாக்கியை இறக்கினான். அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்த சக்கரம் மேலேறி நேராகப் பாவாடையில் போய் முட்டியது. நாலடி இழுத்துப் பார்த்தோம். கறகறவென்று சத்தம், கருகல் நாற்றம், வளைவில் விரிசல்.

முப்பது வருஷம் கல்யாண உடுப்பு தைத்தவள் நான். கேட்டேன்: "படுத்திருக்கிறவளுக்கு அளவெடுத்து எவளாவது பாவாடை தைப்பாளா?"

"இது தையல் இல்ல, மார்லிஸ்."

செப்டம்பர் 13

பேச்சுவார்த்தை இல்லை. சூப்பைக் கராஜில் உட்கார்ந்து குடித்தான்.

செப்டம்பர் 22

படங்களை அனுப்பிவிட்டானாம். நான்கு பக்கமும். எப்படி என்று கேட்டேன். "அனுப்பியாச்சுல்ல, விடேன்" என்கிறான். டிரெய்லரில் உடைந்த பாவாடை அப்படியே இருக்கிறது. என்ன செய்து தொலைத்தான் இவன்?

செப்டம்பர் 24

தெரிந்துவிட்டது. ட்வைலா போன் செய்தாள்.

"உங்க டிரெய்லர்ல ரெண்டு பக்கமும் கதவே இல்லையேங்க. உள்ள எப்படிப் போவீங்க?"

நல்லா இருக்கிற இடது பக்கத்தைப் படம் எடுத்து, போனிலேயே அதைத் திருப்பிப் போட்டு, வலது பக்கம் என்று அனுப்பியிருக்கிறான். கதவு இருப்பது வலது பக்கத்தில் மட்டும்தான்.

"ஜன்னல் வழியா" என்று சொல்லிவிட்டேன். என் வாய் சும்மா இருக்காதே.

பிறகு, "ஒண்ணாம் தேதி வரைக்கும் நேரம் இருக்கு. கதவோட அனுப்புங்க" என்றாள்.

போனை வைத்ததும் ஹார்லனைத் தேடிப் போனேன். ஏன்டா, எங்க அக்கா காலையில எந்திரிச்சு இருபத்தாறு அடி நடக்கிறது உனக்கு அவ்வளவு இளப்பமா? ஒரு வார்த்தை, தப்பா வெட்டிட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னா மகுடம் கழண்டு விழுந்துடுமா? முகத்துக்கு நேரே கேட்டேன். நான் குளியலறைக்குப் போய் அழுதேன்.

செப்டம்பர் 27, சனி

மிச்சமிருந்த பலகையை நான் வெட்டினேன்.

டிரெய்லரைத் தரையில் நிறுத்தினேன். தண்ணீர்த் தொட்டியை நிரப்பினேன். டின்கள், தையல் மெஷின், அவன் தூண்டில் பெட்டி என்று அரிசோனாவுக்குப் போகிற மொத்தச் சாமானையும் ஏற்றினேன். பிறகு ஹார்லனிடம், "நீயும் ஏறி சக்கரத்துக்கு மேல இருக்கிற கட்டில்ல உட்காரு. நீயும் பாரம்தான்" என்றேன். மறுபேச்சில்லாமல் ஏறினான்.

பழுப்புக் காகிதத்தில் மாதிரி எடுத்தேன். சக்கரத்துக்கு மேலே மூன்று விரல் இடைவெளி விட்டு வளைவு. வெட்டுகிற கோட்டின் மேல் டேப் ஒட்டினேன், விளிம்பு பிசிறாமல் இருக்க. ரம்பத்தை அவசரப்படுத்தவில்லை. உப்புத்தாள் போட்டது மட்டும் ஒரு மணி நேரம்.

நடுவில் ஜன்னல் வழியாக ஒரு குரல்: "இறங்கலாமா?"

"அசையாதே."

ரயில் தண்டவாளத்தைத் தாண்டி இரண்டு தடவை இழுத்துப் பார்த்தோம். சத்தமே இல்லை. வீடு வரும் வழியில் ஹார்லன் ரோட்டைப் பார்த்தபடி, "அளவு நான்தான் தப்பா எடுத்தேன்" என்றான். குறித்துவைக்கிறேன், இன்னொரு முறை கேட்க ஆயுசு போதாது.

செப்டம்பர் 28

படம் அனுப்பினேன். கதவைத் திறந்து, வாசலில் ஹார்லனை நிற்கவைத்து எடுத்தது. ஆள் உள்ளே போக முடியும் என்று தெரியட்டும்.

அக்டோபர் 2

ட்வைலாவிடமிருந்து ஒரு வரி: "கதவைப் பார்த்தேன், நாற்பத்தொன்று உங்களுக்குத்தான்."

நவம்பர் 6, அரிசோனா

நேற்று மாலை வந்து சேர்ந்தோம். காலையிலேயே எதிர்வரிசைக்காரர் ஒருவர் வந்து சக்கரத்தின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். அவருடையதும் கிழிந்திருக்கிறது. "யாரு வெட்டினது ஹார்லன், நீயா?"

ஹார்லன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "அவளைக் கேளுங்க. நான் வெறும் பாரம்தான்."

அவர் போன கொஞ்ச நேரத்தில் நாற்பத்திரண்டின் கதவு திறந்தது. நான் போய்க் கையைப் பிடிக்கவில்லை. பிடித்தால் திட்டுவாள். வாய்க்குள் எண்ணிக்கொண்டு வந்தவள், டிரெய்லரின் ஓரத்தில் வைத்த கையோடு சக்கரத்தருகே நின்றுவிட்டாள். விரல்கள் வளைவின் விளிம்பிலேயே மெதுவாக ஏறி இறங்கின.

"புதுசா இது?"

"ஆமாக்கா."

"ஒரு பிசிறு இல்ல" என்றாள். "ஹார்லன் வேலை இல்ல."

பிறகு நிறுத்திய இடத்திலிருந்து தொடர்ந்தாள். இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. நான் காபியை ஊற்ற ஆரம்பித்தேன்.