மூக்கைத் தாண்டினால் காற்று

இந்த வருஷத்துப் படங்கு நேற்று வந்து சேர்ந்தது. மழை பிடிக்கும் முன்னால் கொழுந்து எடுக்கிற பெண்களுக்கு எஸ்டேட்டில் கொடுப்பார்களே, இடுப்பில் சுற்றிக் கயிற்றால் கட்டிக்கொள்கிற அந்த நீல பிளாஸ்டிக் தாள். மஞ்சூரிலிருந்து வேனில் வந்த படங்குக் கட்டை, படகில் ஏற்றுவதற்காகப் பிரித்தேன். புது பிளாஸ்டிக்கின் நெடி குப்பென்று அடித்தது. சட்டென்று திரும்பிப் பார்த்தேன். நீ பின்னால் நின்று, யார் யாருக்குக் கயிறு சரியில்லை என்று பார்த்துக்கொண்டிருப்பாய் என்று இந்த உடம்புக்கு இன்னும் ஒரு நினைப்பு. ஒருவருமில்லை. போடா கிறுக்கா என்று என்னையே திட்டிக்கொண்டு கட்டைத் தூக்கினேன். அதனால்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உன்னை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ‘இந்தா’ என்றால் வருவாய். கோபமாக இருக்கும் நாளில், எனக்கு அப்பன் ஆத்தா வைத்த பேர் ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டு அதன் பிறகு வருவாய். இப்போது எழுதும்போதும் பேனா அந்தப் பேருக்கு வளைய மாட்டேன் என்கிறது. இந்த வயசில் புதுப் பழக்கம் எதற்கு, விடு.

நம் லயம் இருக்கிற இடம் மாறவில்லை. தண்ணீருக்கு இந்தப் பக்கம் நம் வரிசை வீடுகள். அந்தப் பக்கம் தேயிலைத் தோட்டம், ஃபேக்டரி, ரோடு, பஸ், ஆஸ்பத்திரி எல்லாம். காட்டைச் சுற்றிப் போகிற ஜீப் பாதையில் வருஷா வருஷம் மண் சரிகிறது. மழைக்காலத்தில் என் படகை விட்டால் வேறு வழியில்லை. இந்த அணைத் தண்ணீரை வெளியூர்க்காரர்கள் பார்த்தால் குளம் என்பார்கள். ஊட்டியில் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்த தைரியத்தில், இதென்ன கடலா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கடலில் ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே மூச்சு விட இடம் கிடைக்கும் என்று கேள்வி. இங்கே மலை இடுக்கு வழியாகக் காற்று இறங்கினால் அலை குட்டையாக, செங்குத்தாக, ஒன்றின் குதிகாலை ஒன்று மிதித்துக்கொண்டு வரும். நம் கரையோரம் எல்லாம் சாதுவாகத்தான் தெரியும். சோலை தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற அந்த மூக்கைத் தாண்டினால்தான் அதன் சுயரூபம்.

படகு ஓட்ட எனக்குத் தெரியும். அந்தத் திமிர் எனக்கு இருந்தது, இருக்கிறது. முனையை அலைக்கு நேராகக் கொடுத்தால் தண்ணீரை அள்ளி உள்ளே போட்டுக்கொள்ளும். பக்கத்தைக் காட்டினால் புரட்டிவிடும். இரண்டுக்கும் நடுவே சாய்த்துப் பிடித்து, ஏறும்போது கொஞ்சம் வேகம் கொடுத்து, உச்சியில் குறைத்து, பூப்போல இறக்க வேண்டும். இஞ்சினை நிறுத்துகிற சுருள் கயிறு என் மணிக்கட்டில் மாட்டியிருக்க வேண்டும். நான் தவறி விழுந்தால் இஞ்சினும் நின்றுவிடும். இல்லையென்றால் ஆளில்லாத படகு சுற்றி வந்து விழுந்தவனையே வெட்டும். இதெல்லாம் எனக்குத் தெரிந்த வித்தை. ஆனால் படகில் உட்காருகிறவர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதை நீ கவனித்தாய்.

சாரல் அடித்தால் நம் பெண்கள் என்ன செய்வார்கள்? மழை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் முதுகைக் காட்டி ஒதுங்குவார்கள். மலையில் நின்று நின்று ஊறிப்போன பழக்கம். படகிலும் அதையே செய்தார்கள். நனையாத ஓரத்துக்கு அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நகர்ந்தால் படகு என்னத்துக்கு ஆகும்? நான் கத்துவேன். என் கத்தலுக்கு யாரும் அசைய மாட்டார்கள். நீ முன்னால் உட்கார்ந்து, ஆட்டுக்குட்டி மாதிரி ஒதுங்கினால் அணைக்குள்தான் போக வேண்டும் என்று கேலி பண்ணியே எல்லாரையும் நடுவில், தாழ உட்கார வைத்துவிடுவாய்.

படங்கு விஷயமும் அப்படித்தான். ஒருநாள் படகுத்துறையில் ஒருத்தி வழுக்கி விழுந்தாள். இடுப்பளவுத் தண்ணீர்தான். அவளால் எழ முடியவில்லை. படங்குக்குள் தண்ணீர் புகுந்து மூட்டையாகிவிட்டது. நனைந்த முடிச்சு இறுகி அவிழவில்லை. நீயும் இன்னொருத்தியும் சேர்ந்து இழுத்துப் போட்டீர்கள். மறுநாளிலிருந்து அது உன் சட்டமாகிவிட்டது. கட்டினால் ஓர் இழுப்பில் அவிழ்கிற சுருக்கு முடிச்சு. படகில் ஏறும் முன்னால் அதையும் அவிழ்த்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் மிதக்கிற லைஃப் ஜாக்கெட். குளிரில் நனைந்துகொண்டே அவிழ்க்க யாருக்குத்தான் பிடிக்கும்? உன்னை வாய்க்கு வந்தபடி பேசினார்கள். நீ அசரவில்லை. “ஏம்புள்ள, நனைஞ்சா காயும். முழுகுனா காயுமா?” அவ்வளவுதான் சொல்வாய். பதறாத காரியம் சிதறாது என்று எனக்கும் போகிற போக்கில் ஒன்று வைப்பாய். முன்கோபக்காரனுக்கு அந்தப் பழமொழியைக் கேட்டாலே எரியும் என்று தெரிந்துதான் சொல்வாய்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். சுற்றிச் சுற்றி வந்தாலும் அங்கேதானே வர வேண்டும்.

அன்று காலையில் நான் படகை எடுக்கவில்லை. மூக்குக்கு அப்பால் தண்ணீர் முழுக்க வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. பெண்கள் யாரும் வேலைக்குப் போகவில்லை. வீட்டில் இருக்கிறோமே என்று நீ அடை ஊற்ற மாவு ஆட்டினாய். பாதியில் வந்து வாசல்படியில் உட்கார்ந்து, நெஞ்சை என்னவோ பிசைகிறது என்றாய். உன் முகம் வேர்த்திருந்தது. அந்தக் குளிரில் வேர்த்திருந்தது. ஜீப் பாதை முந்தின நாளே சரிந்துபோயிருந்தது.

கம்பளியில் வைத்து உன்னைத் துறைக்குத் தூக்கி வந்தோம். போவோம் என்று சொன்னது நான். யாரும் தடுக்கவில்லை. லயமே ஏறத் தயாராக நின்றது. பக்கத்து வீட்டுப் பார்வதியையும், தண்ணீர் இறைக்க ஃபேக்டரி முருகேசனையும் மட்டும் ஏற்றிக்கொண்டேன். பார்வதிக்குச் சின்னதாக இரண்டு பெண் பிள்ளைகள். முருகேசனுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. நெஞ்சை அழுத்துகிறது என்று உனக்கு ஜாக்கெட் மாட்ட முடியவில்லை, தலைக்கு வைத்தோம். பேச முடியாமல் கிடந்த நீ, பார்வதியின் இடுப்பைக் கையால் காட்டினாய். அவள் அவசரத்தில் படங்கோடு ஓடி வந்திருந்தாள். அவள் அழுதுகொண்டே அவிழ்த்தாள்.

மூக்கைத் தாண்டியதும் காற்று அறைந்தது. நான் சாய்த்துப் பிடித்தேன். முதல் சில அலைகளில் படகு சொன்னபடி கேட்டது. பிறகு முனை தண்ணீரை அள்ளத் தொடங்கியது. முருகேசன் டப்பாவால் இறைக்க இறைக்க, இறைத்ததைவிட அதிகம் உள்ளே வந்தது. இஞ்சின் தண்ணீரை விட்டு மேலே வரும்போதெல்லாம் கதறியது. எதிர்க்கரையில் ஃபேக்டரிப் புகை தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு போனேன். எனக்குப் பயமே இல்லை. அங்கே போய்விட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

நீ படகின் அடியில் கிடந்தாய். உன் முதுகுக்குக் கீழே தண்ணீர் ஏறுவது உனக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும்.

“ஏனுங்க, திருப்புங்க.”

நான் காதில் வாங்காத மாதிரி இருந்தேன். நீ விடவில்லை. உன் தலை என் காலுக்குப் பக்கத்தில் இருந்தது. கையை எடுத்து என் கணுக்காலைப் பிடித்தாய்.

“பார்வதிக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க. எனக்காகக் கொண்டு போய் முழுக்கிப் போடாதீங்க. திருப்புங்க.”

பார்வதி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். போங்கண்ணே என்றாள். அவள் சொன்னதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். டப்பாவை விடாமல் இறைத்துக்கொண்டிருந்த முருகேசனையும் பார்த்தேன். அலையில் படகைத் திருப்புவதுதான் இருப்பதிலேயே பெரிய ஆபத்து. பெரிய அலைகள் கூட்டமாகப் போன பிறகு கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். அதற்குக் காத்திருக்க வேண்டும். காத்திருந்தேன். ஓய்வு வந்தது. ஒரே வீச்சில் திருப்பினேன். என் ஆயுசில் அவ்வளவு நன்றாக நான் படகு திருப்பியதில்லை.

மூக்குக்குப் பின்னால் வந்து, முனையைக் காற்றுப் பக்கம் காட்டி, இஞ்சினை மெதுவாக ஓடவிட்டு நின்றோம். காற்று கொஞ்சம் அடங்கினாலும் பாய்ந்துவிடலாம் என்று இருந்தேன். இஞ்சின் கைப்பிடியை விட முடியாது. அதனால் உன் கையை என்னால் பிடிக்க முடியவில்லை. நீ என் காலைப் பிடித்திருந்தாய். கொஞ்ச நேரம் கழித்துப் பிடி தளர்ந்தது. வலி குறைந்து கண் அசந்துவிட்டாய் என்று நினைத்தேன். நல்லதுதான் என்றுகூட நினைத்தேன், பார்.

பார்வதிக்குத் தெரிந்துவிட்டது. அவள் வாயைத் திறக்கவில்லை. காற்று அடங்கி, நான் முழு வேகத்தில் அக்கரை போய், முருகேசன் கயிற்றைக் கட்டிய பிறகுதான் சொன்னாள். முன்னாலேயே சொன்னால் நான் கைப்பிடியை விட்டுவிடுவேன் என்று பயந்தாளாம். அவ்வளவு நேரமும் உன் தலையைத் தடவிக்கொண்டே வந்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. திருப்பாமல் போயிருந்தால் பிழைத்திருப்பாயா என்பதை நான் இன்றுவரை யாரிடமும் கேட்டதில்லை. உன் அண்ணன் கேட்டார். என்னிடமே கேட்டார். பெண்டாட்டியைப் படகில் வைத்துக்கொண்டு காற்றுக்குக் காத்திருந்த மனுஷனை உலகத்தில் பார்த்ததில்லை என்று துக்கத்துக்கு வந்த இடத்தில் சொல்லிவிட்டு எழுந்து போனவர்தான், அப்புறம் நம் வாசல் மிதிக்கவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. உன் மேல்தான் கோபம். கண்ணை மூடிக்கொண்டு பேசாமல் கிடந்திருக்கக் கூடாதா நீ? அந்த நேரத்திலும் ஊரான் வீட்டுப் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தாயே. அப்படி இல்லாவிட்டால் நீ நீயாக இருந்திருக்க மாட்டாய் என்பதும் தெரிகிறது. தெரிந்து என்ன பண்ண?

போன ஆடியில் நடந்த ஒன்றை உன்னிடம் சொல்ல வேண்டும். கடைசி லயத்துப் பெரியவருக்கு மூச்சு முட்டியது. அவர் மகன் திருப்பூரிலிருந்து லீவுக்கு வந்திருந்தான். அப்பாவைத் தூக்கிக்கொண்டு துறைக்கு வந்துவிட்டான். அன்றைக்கும் மூக்குக்கு அப்பால் வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. இப்போது எடுக்க மாட்டேன், காற்று தணியட்டும் என்றேன். கெஞ்சினான். காலில் விழ வந்தான். அப்புறம் சட்டையைப் பிடித்துவிட்டான்.

“உங்க ஊட்டுல ஒருத்தருக்கு இப்படின்னா நிப்பீங்களா?”

கையை ஓங்கிவிட்டேன். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து பார்வதி வந்தாள். அவன் கையை என் சட்டையிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டாள்.

“நின்னாரு தம்பி. அந்தப் போட்டுல நானும் இருந்தேன்.”

மிச்சத்தை அவனுக்கு யாரோ ஒதுக்குப்புறமாகச் சொல்லியிருக்க வேண்டும். அவன் போய் அப்பா பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டான். நாங்கள் எல்லாரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பெரியவரின் மூச்சு துறை முழுக்கக் கேட்டது. நான் வேண்டாத தெய்வம் இல்லை. சாயங்காலத்துக்குள் காற்று தணிந்தது. கொண்டு போய்ச் சேர்த்தேன்.

அவர் பிழைத்துவிட்டார். இப்போதும் என்னைக் கண்டால் எழுந்து நின்று கும்பிடுகிறார். சந்தோஷம்தான். உன்னிடம் பொய் எதற்கு, பொறாமையாகவும் இருக்கிறது. அவருக்கு அடங்கின காற்று உனக்கு நேரத்துக்கு அடங்கவில்லையே. அன்றைக்கு அவர்களை இறக்கிவிட்டு வெறும் படகோடு திரும்பும்போது நடுத்தண்ணீரில் இஞ்சினை நிறுத்திவிட்டு, வாய்விட்டு அழுதேன். கேட்க யாருமில்லை என்பதால் நன்றாகவே அழுதேன்.

பார்வதியின் மூத்தவள் பெரியவளாகிவிட்டாள். முருகேசன் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறான். தினமும் என் படகில்தான் போகிறான். மழை தொடங்கப் போகிறது. இந்த வருஷமும் யாராவது யாரையாவது தூக்கிக்கொண்டு துறைக்கு வருவார்கள். கெஞ்சுவார்கள், சாபம் கொடுப்பார்கள், சட்டையைப் பிடிப்பார்கள். நான் காற்றைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். உன்னை வைத்துக்கொண்டே திருப்பினவன், இனி யாருக்காகத் திருப்பாமல் போகப் போகிறேன்?