வாய் கழுவுற ஐஸ்

பிப்ரவரி 16, திங்கள்

வெயில். காத்து இல்ல. குழாய்த் தண்ணி வர்ற நாள். வரல.

இந்த போன் என் மகன் செல்வம் வாங்கிக் குடுத்தது. இங்க வடக்கால இருக்கிற லாங் ஐலண்ட் தீவுல கரண்ட் கம்பம் ஏறுறான், மாசம் ஒருக்கா போட் பிடிச்சு வருவான். "இதை அமுக்கிட்டுப் பேசுங்கப்பா, அதுவே எழுதிக்கும்" னு சொல்லிட்டுப் போனான். எழுதுது. என்ன எழுதுதோ. எனக்கு எழுத்து தெரியாது. திருப்பிப் படிச்சு வெக்கப்படுற வேலையும் இல்ல.

டாக்டரம்மா, என் பொண்டாட்டி செல்லம்மா தினமும் என்ன சாப்பிட்டான்னு குறிச்சு வைக்கச் சொன்னாக. அதுக்குத்தான் இது. கூடவே மத்ததும் வந்து விழுது. விழட்டும்.

காலையில ஒருத்தி போன் பண்ணி ஹிந்தியில, "முபாரக் ஹோ அங்கிள், உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு" ன்னா. "அடுத்தது என்ன, ஓடிபி கேப்பியா? உங்க அப்பன்கிட்ட போய்க் கேளு" ன்னு வச்சிட்டேன். திருப்பியும் அடிச்சா. திருப்பியும் வச்சேன். மூணாவதா அபர்டீன் பஜார் பாத்திரக்கடை அண்ணாச்சியே பேசுறாரு. "யோவ் பெரிசு, நிஜமாத்தான்யா. மிக்ஸி வாங்குனீர்ல, கூப்பன் போட்டோம்ல, உமக்கு விழுந்திருக்கு."

என்னன்னா, தர்மத்துக்கு நடத்துற ருசி விழாவாம். மலை மேல இருக்கிற பெரிய ஹோட்டல் தோட்டத்துல. ரெண்டு பேருக்கு டிக்கெட். நாப்பது வகை வைப்பாய்ங்களாம். ஒவ்வொண்ணுலயும் ஒரு ஸ்பூன். காக்காய்க்கு வைக்கிறதே இதைவிட ஜாஸ்தி.

வசூல் ஏழை நோயாளிகளை வைத்தியத்துக்கு கடல் தாண்டி மெயின்லேண்ட் அனுப்புறதுக்காம். கேட்டதும் செல்லம்மா சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா.

காரணம் இருக்கு. மழைக்காலத்துல வந்த காய்ச்சல். காய்ச்சல் போயிடுச்சு, கூடவே பசியும் போயிடுச்சு. சோத்தைப் பார்த்தாலே குமட்டுது. எல்லா டெஸ்டும் நல்லாருக்குன்றாய்ங்க. மேல வெறும் தோலு. வர்ற திங்கக்கிழமை எடை பார்ப்பாக. இன்னும் குறைஞ்சிருந்தா சென்னை ஆஸ்பத்திரிக்கு ரெஃபர். "நான் போகமாட்டேன்" ன்றா. பக்கத்து வீட்டு பெங்காலிக்காரர் மண்டல் தாதாவோட சம்சாரம் ரெஃபர்ல போனவதான். நடந்து போனா, பெட்டியில வந்தா. செல்லம்மா அதைப் பார்த்தவ.

இன்னைக்கு: காலையில அரை டம்ளர் கஞ்சி. மத்தியானம் இல்ல. ராத்திரி ரெண்டு வாய் பால்.

பிப்ரவரி 17, செவ்வாய்

எங்க சிப்பிகாட்ல இருந்து டவுனுக்கு பஸ். டவுன் பேரை மாத்தியாச்சு, கண்டக்டர் இன்னும் பழைய பேரைத்தான் கத்துறான்.

அண்ணாச்சி டிக்கெட்டை சும்மா குடுப்பாரா? கதவு அளவுக்கு ஒரு அட்டை. அதை என் கையில குடுத்து, இந்தப் பக்கம் அவரு, அந்தப் பக்கம் அவரு மச்சான். போட்டோ. "சிரிங்க பெரியவரே." எனக்கு விழுந்ததுக்கு இவரு எதுக்குப் பல்லைக் காட்டுறாருன்னு தெரியல. மிக்ஸி மூடி சரியா உக்கார மாட்டேங்குதுன்னு சொன்னேன். காதுல விழாத மாதிரி டீ சொன்னாரு.

வீட்டுக்கு வந்தா மருமக விமலா வாசல்லயே நிக்கிறா.

"மாமா, அத்தைதான் ஒண்ணுமே சாப்பிடுறதில்லையே. நானும் என் தங்கச்சியும் போயிட்டு வர்றோமே. இன்ஸ்டால போடலாம்."

"சோத்தைத் திங்கிறதுக்கா, போட்டோ பிடிக்கிறதுக்கா?"

"ரெண்டுக்கும்தான் மாமா."

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. அந்த வரைக்கும் நல்லது.

உள்ளே இருந்து செல்லம்மா, "அவ போகட்டுங்க. எனக்கு எதுக்கு?"

"என் பேர்ல விழுந்தது. நானும் நீயும்தான் போறோம். பேச்சு முடிஞ்சுது" ன்னேன். விமலா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா. வச்சுக்கட்டும்.

நாப்பது வகை. அதுல ஒண்ணாவது இவ தொண்டைக்குள்ள இறங்காதா? இதை யார்கிட்டயும் சொல்லல. போன்ட்ட மட்டும்தான்.

இன்னைக்கு: கஞ்சி கால் டம்ளர். பிஸ்கட் ஒண்ணு, பாதி நாய்க்கு.

பிப்ரவரி 19, வியாழன்

தண்ணி வந்துச்சு. ரெண்டு டிரம், நாலு குடம். மோட்டார் போட்டு உறிஞ்சுறான் மண்டல் தாதா. கேட்டா "பிரஷர் நஹி ஹை பாய்" ன்றான். எப்படி இருக்கும், எல்லாம் அவன் டேங்குல இருக்கு.

செல்லம்மா சனிக்கிழமைக்கு மூட்டை கட்டுறா. டிக்கெட்டுன்னு சொன்னா அவளுக்கு போட் பயணம்தான். கட்டினது:

தண்ணி பாட்டில்.
வாந்தி எடுக்க பிளாஸ்டிக் பை.
தூக்குச்சட்டியில தயிர் சோறு.
துண்டு.
தீவுக்காரன்னு காட்டுற என் ஐலண்டர் கார்டு, அவ கார்டு, ரெண்டும் பிளாஸ்டிக் கவர்ல.
எலுமிச்சம்பழம் ஒண்ணு.

"விருந்துக்குப் போறப்ப எவளாவது சோறு கட்டுவாளா?" ன்னேன்.

"ஒரு ஸ்பூன்தான் தருவாகன்னு நீங்கதான சொன்னீக. உங்களுக்குப் பசிக்கும்ல."

அவளுக்கில்ல. எனக்காம்.

எலுமிச்சம்பழம் பழைய பழக்கம். நாங்க முதமுத சென்னையில கப்பல் ஏறி வந்தது எனக்கு நேத்து மாதிரி இருக்கு. பங்க் கிளாஸ், அடித்தட்டுல வரிசையா படுக்கை. பக்கத்துல படுத்திருந்தவன் பேரு சந்தனம், கடப்பாக்கம் பக்கம், கால்ல சிரங்கு. கப்பல் பூராவும் வாந்தி. இவ ஒரு பழத்தை மூக்குல வச்சுக்கிட்டே வந்தா. தோலை நகத்தால கீறிக் கீறி, இறங்குறப்ப அது கொட்டைப் பாக்கு மாதிரி ஆயிடுச்சு. அவ பங்கு சாப்பாட்டையும் நான்தான் தின்னேன். "கல்யாணம் பண்ணி ஒரு மாசம் ஆகல, என்னைப் பார்க்காம தட்டைப் பார்க்கிறாரு" ன்னு சந்தனத்தோட பொண்டாட்டிகிட்ட சொன்னா. அதுவும் காதுல விழுந்துச்சு.

இன்னைக்கு: ஒண்ணும் சொல்லிக்கிற மாதிரி இல்ல.

பிப்ரவரி 21, சனி

மேகமூட்டம். மழை இல்ல. நிறைய சொல்லணும்.

கேட்ல வாட்ச்மேன். டிக்கெட்டை நீட்டினேன், கூடவே ரெண்டு ஐலண்டர் கார்டும். விழுந்து விழுந்து சிரிக்கிறான். "அரே சாச்சா, இது போட் ஏறுற ஜெட்டி இல்ல." எனக்கென்ன தெரியும்? இந்தத் தீவுல கார்டு கேக்காம எவன் டிக்கெட்டை மதிச்சான்? கையில ஒரு காகிதப் பட்டையை ஒட்டுனான், ஆஸ்பத்திரியில பிள்ளைக்கு ஒட்டுற மாதிரி. தூக்குச்சட்டியைப் பிடுங்கி வச்சுக்கிட்டான். வெளிச் சாப்பாடு உள்ள கூடாதாம். சோறு போடுற இடத்துல சோத்தைப் பறிக்கிறான்.

உள்ள முழுக்க சாகிப்புங்க. ஒருத்தனும் காசு குடுத்து வரல. எல்லாம் பாஸ். எப்படித் தெரியும்னா அவுகளே பேசிக்கிறாக. "உனக்கு எத்தனை பாஸ் வந்துச்சு?" "ஆறு. வேலைக்காரிக்கு ஒண்ணு குடுத்தேன்." தர்மம் யாரு தலையில விடிஞ்சுதோ. அண்ணாச்சி தலையிலன்னா சந்தோஷம்.

மேடைக்குப் பின்னால பெரிய பேனர். கட்டில்ல ஒரு கிழவி, மூக்குல குழாய். செல்லம்மா அதுக்கு முன்னால நின்னுட்டா.

"இவ யாருங்க?"

"யாரோ."

"மெயின்லேண்ட் போனாளா?"

"போயிருப்பா."

"திரும்பி வந்தாளா?"

மைக் பிடிச்சுட்டு நின்ன கோட்டுக்காரன்கிட்ட ஹிந்தியில கேட்டேன். பேனரைத் திரும்பிப் பார்த்தான். இப்பத்தான் முதல் தடவை பார்க்கிறான். "அது சும்மா போட்டோ அங்கிள், நெட்ல எடுத்தது" ன்னான். செல்லம்மாகிட்ட, "வந்துட்டாளாம், பேரன் பேத்தியோட நல்லா இருக்காளாம்" னு சொன்னேன். என் மூஞ்சியப் பார்த்தா.

அப்புறம் சாப்பாடுன்னு அவுக சொல்றது:

நண்டு மேல சோப்பு நுரை. தேங்காய்ப்பாலாம்.
பலாக்காய் பிரியாணி, தையக்காரி விரல்ல மாட்டுற மூடி இருக்குமே, அதுல.
கரிச்சட்டி மாதிரி கருப்பா ஒரு ரொட்டி.
மீன், பாதி வெந்தது. வேணும்னே பாதியிலயே எடுத்தானாம்.
கல்லு மேல ஒரு இறால். கல்லைத் திங்கக்கூடாதுன்னு சொல்றதுக்கு ஒரு பையன் சம்பளத்துக்கு.

செல்லம்மா ஒவ்வொரு ஸ்பூனையும் வாங்குவா. மூக்குகிட்ட கொண்டு போவா. கண்ணை மூடுவா. என்கிட்ட நீட்டுவா. நான் தின்னுவேன். அப்படியே கப்பல் மாதிரி. மீன் வரிசை பூராவும் முடிஞ்சுது. எனக்கு ஒரு வாய் கூட ருசிக்கல, சமைச்சவன் குத்தம் மட்டும் இல்ல அது.

மீனுக்கும் கறிக்கும் நடுவுல ஒரு மேசை. வெள்ளைத் தொப்பி போட்ட பொண்ணு, சின்னச் சின்ன காகிதக் கப்புல பச்சையா ஐஸ் சுரண்டிக் குடுக்கிறா.

"ஆன்ட்டி, இது சாப்பாடு இல்ல. மீன் வாடை போக வாய் சுத்தம் பண்ண."

வாய் கழுவ ஐஸாம்! எங்க வீட்ல கொப்புளிக்கிற தண்ணியே மூணு நாளைக்கு ஒருக்கா. சிரிச்சுக்கிட்டே திரும்புறேன், இவ அதை வாயில போட்டுட்டா.

என்கிட்ட நீட்டுவான்னு கையை வச்சுட்டு நின்னேன். நீட்டல. உறிஞ்சினா. கப்பைச் சாய்ச்சு அடியில இருந்ததையும் குடிச்சா. அப்புறம் அந்தப் பொண்ணு முன்னால கப்பை நீட்டினா.

நான் என் கையை மெதுவா இறக்கிக்கிட்டேன்.

அந்தப் பொண்ணு சிரிச்சிட்டு இன்னொரு தடவை போட்டா. அதுவும் போச்சு. திருப்பி நீட்டினா. பின்னால கழுத்து நிறைய நகையோட ஒருத்தி, "ஆன்ட்டி, ஆகே படோ நா" ன்னு நகரச் சொல்லி முதுகுல கை வைக்கிறா. கோட்டுக்காரன் வேற ஓடி வந்துட்டான், "அங்கிள், ஒருத்தருக்கு ஒண்ணுதான்."

நான் வாழ்க்கையில எவன்கிட்டயும் இன்னும் கொஞ்சம் போடுன்னு கேட்டதில்ல. நான் வேலை பார்த்த மரமில்லு மெஸ்ஸுல கூட கேட்டதில்ல. இன்னைக்குக் கேட்டேன். "பாபு, இவ ரொம்ப நாளா ஒண்ணும் சாப்பிடல. இதுதான் இறங்குது. உங்க ஐஸ் ரொம்ப நல்லா இருக்கு" ன்னேன். நல்லா இருக்குன்னு அந்தக் கூட்டத்துல நான் சொன்ன ஒரே சொல்லு அது.

"ரூல் இருக்கு அங்கிள்."

அப்பத்தான் எனக்குப் பழைய வாய் வந்துச்சு. "ஒரு ஸ்பூன் கணக்கு சாப்பாட்டுக்குத்தானே? இது சாப்பாடே இல்லைன்னு உங்க பொண்ணே சொல்லுது. வாய் கழுவுறதுக்கு என்னடா கணக்கு?"

தொப்பிப் பொண்ணு வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சுது. அவன் திரும்புறதுக்குள்ள ஒரு பெரிய கிளாஸ் நிறைய போட்டு செல்லம்மா கையில குடுத்துருச்சு. எப்படிப் பண்றதுன்னு கேட்டேன். எலுமிச்சை, புதினா, சீனி, உப்பு ஒரு கிள்ளு, உறைய வச்சு முள்கரண்டியால சுரண்டணும். இவ்வளவுதான். இதுக்கு ஒரு தொப்பி.

எலுமிச்சை! கேட்டதும் எனக்கு என் தலையிலயே அடிச்சுக்கணும்போல இருந்துச்சு. பையிலயே ஒண்ணை வச்சுக்கிட்டு, மூக்குக்கு மட்டும்தான்னு நினைச்சிருக்கேன்.

கறி வரிசைக்குப் போகல. வெளிய வந்தோம். தூக்குச்சட்டியை வாங்கிட்டு பஸ் ஸ்டாப்புல உக்காந்தோம். "வயிறு என்னமோ பண்ணுது" ன்னா. வாந்திப் பையை எடுத்தேன். "அது இல்லங்க. பசி மாதிரி இருக்கு" ன்னா.

தயிர் சோறு சாப்பிட்டா. நான் கடலைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். பார்த்தா நிறுத்திருவா.

இன்னைக்கு: ஐஸ் ரெண்டு கப்பு, ஒரு பெரிய கிளாஸ். தயிர் சோறு, எனக்குக் கட்டினதுல பாதிக்கு மேல.

பிப்ரவரி 22, ஞாயிறு

புழுக்கம். விமலா புதினா வாங்கிட்டு வந்தா, கேக்காமலே. நான் பிழிஞ்சேன். ஃப்ரிட்ஜுல வச்சோம். கரண்ட் ரெண்டு தடவை போச்சு. கரண்ட்காரன் வீட்லயே.

சுரண்டிக் குடுத்தேன். வாயில வச்சா. "தூ. உப்பளத்துல இருந்து நேரா வருதா? இதுல வாய் கழுவக்கூட முடியாது."

மருமக முன்னாலயே. விமலா முதுகைக் காட்டிக்கிட்டு குலுங்குறா.

"நேத்து அந்தப் புள்ள எவ்வளவு பதமா பண்ணிச்சு. ஒரு கிள்ளுன்னா உங்களுக்குக் கைப்பிடியா?"

திட்டிக்கிட்டே பாதி தின்னா. மத்தியானம் சோறு ஒரு உருண்டை. ராத்திரி கேட்டா வேணாம்னுட்டா. திரும்பவும் சுவத்தைப் பார்த்துப் படுத்துட்டா.

"நாளைக்கு எடை பார்ப்பாகல்ல" ன்னா.

"ஆமா."

"குறைஞ்சிருந்தா?"

"குறையாது."

"அந்தப் பேனர்ல இருந்தவ. நீங்க சொன்னது பொய்தான?"

தூங்கிட்ட மாதிரி இருந்தேன்.

பிப்ரவரி 23, திங்கள்

பனி. வாசல்ல நின்னு பேசுறேன். உள்ள அவ தலை சீவிக்கிட்டு இருக்கா, ஆஸ்பத்திரிக்கு.

காலையில அடுப்படியில சத்தம். விமலா மிளகு தட்டுறாள்னு நினைச்சேன். போய்ப் பார்த்தா விமலா வெளிய நிக்கிறா. "மாமா, அத்தை என்னை நகரச் சொல்லிட்டாங்க."

செல்லம்மா அடுப்புகிட்ட, ஒரு கையால சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு. எலுமிச்சை ரசம். என் ஐஸ் தட்டை எடுத்து அப்படியே தொட்டியில கவுத்து விட்டுருக்கா.

"பஸ் போயிடும்" னேன்.

"போனா அடுத்தது வரும். வெறும் வயித்தோட போயா எடை போடுறது? உக்காருங்க. விமலா, நீயும் தட்டை எடு."

மூணு தட்டு. அவ தட்டுல அவளே போட்டுக்கிட்டா. ரெண்டாவது தடவையும் போட்டுக்கிட்டா. விமலா என்னைப் பார்க்கிறா, நான் விமலாவைப் பார்க்கிறேன், ரெண்டு பேரும் தட்டைப் பார்க்கிறோம்.

"எப்படி இருக்கு?" ன்னு என்னைக் கேட்டா.

ரசத்துல உப்பே இல்ல. சொல்லல.