கோணல் பல்

மார்ச் 3, செவ்வாய்

பத்திரிகை ஆசிரியர் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை கெஞ்சவில்லை. "முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள கதை வரணும். வரலைன்னா இனிமே கேக்க மாட்டேன்" என்றார். ஒன்பது வருடமாக எழுத்தாளன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். என்னிடம் கதை கேட்ட ஒரே மனிதர் அவர்தான். அவரும் போய்விட்டால் நான் வெறும் பல்செட் செய்கிறவன்.

ஆனால் அவசரப்படுகிற ஆள் இல்லை நான். நல்லதைப் பார்த்து, நல்லதைப் படித்து, மனம் நிறைந்த பிறகுதான் எழுதுவேன். நிறையாமல் எழுதினால் என் மச்சினன் எழுதுவதைப் போலத்தான் இருக்கும்.

பார்த்தது: ஒரு படம், ஒரு தொடரில் நான்கு பகுதி. படித்தது: மூன்று சிறுகதை, மூன்றும் தேறாது. எழுதியது: இல்லை.

மார்ச் 5, வியாழன்

மச்சினன் சாப்பிட வந்திருந்தான். மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற நேரம் போக, போனில் தொடர்கதை எழுதுகிறான். பகுதிக்கு மூன்று தடவை யாருடைய கண்ணாவது குளமாகிறது. "மாமா, நாப்பத்தொண்ணாவது பகுதி போட்டுட்டேன், படிச்சீங்களா?" என்றான்.

"தலைப்பு வரைக்கும் படிச்சேன்."

சிரித்தான். மான ரோஷம் கிடையாது. அவன் அக்கா அடுப்படியிலிருந்து, "அவனாவது எழுதுறான்" என்றாள். இவளுக்கு இலக்கியம் என்றால் பக்க எண்ணிக்கை. நான் படித்ததையும் பார்த்ததையும் நாலு வரியில் கிழித்துத் தொங்கவிடுவதைப் படிக்க ஆறாயிரம் பேர் இணையத்தில் என் பக்கத்துக்கு வருகிறார்கள். அதெல்லாம் இவள் கணக்கில் வராது. பக்கத்தின் மேலேயே போட்டிருக்கிறேன்: "எழுத்தாளர். விரைவில் ஒரு நாவல்."

மார்ச் 9, திங்கள்

எங்கள் லேபுக்கு யாரும் நேரில் வருவதில்லை. பல் டாக்டர்கள் வாய் அச்சை அனுப்புவார்கள், நாங்கள் பல்செட் செய்து திருப்பி அனுப்புவோம், அவ்வளவுதான். இன்று ஒரு பெண்மணி அப்பாவின் போட்டோவோடு வந்து நின்றுவிட்டார். அப்பாவுக்கு முன்பல் ஒன்று கோணலாக, பக்கத்துப் பல்லின் மேல் ஏறி இருந்ததாம். நாங்கள் செய்து கொடுத்ததில் எல்லாம் வரிசையாக இருக்கிறதாம். "கண்ணாடியப் பாத்துட்டு இது யாருன்னு கேக்குறார். சிரிக்கவே மாட்டேங்குறார். அந்தப் பல்லை மட்டும் கோணலா வச்சுக் குடுங்க" என்றார்.

எங்கள் முதலாளி, "கோணலா குடுத்தா எங்களுக்கு வேலை தெரியலைன்னு டாக்டர் சொல்லுவார்மா" என்று நழுவிவிட்டார். அந்த அம்மா என் மேசைக்கு வந்து பத்து நிமிடம் பேசினார். எனக்கு ஒரு காதில் இயர்போன். கதை எழுதுவது எப்படி என்ற உரையில் முக்கியமான கட்டம் ஓடிக்கொண்டிருந்தது, பாதி போச்சு. தொல்லை தீரட்டும் என்று முதலாளிக்குத் தெரியாமல் புது செட்டில், பற்கள் இறுகாமல் மெழுகில் இருக்கும்போதே, அந்தப் பல்லைத் திருப்பி வைத்தேன். சரியான கோணல் வருவதற்கு மூன்று தடவை வைக்க வேண்டியிருந்தது.

பார்த்தது: அந்த உரை, அதே ஆளின் இன்னும் இரண்டு உரை. எழுதியது: இல்லை.

மார்ச் 12, வியாழன்

பார்த்ததை எழுதக்கூட நேரமில்லை. அவ்வளவு பார்த்தேன்.

மார்ச் 21, சனி

எழுதிவிட்டேன்! காலையில் உட்கார்ந்தேன், மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. கை தானாக ஓடியது. மனைவியை இழந்த ஒருவர் தினமும் சாயங்காலம் அவள் குடையோடு பேருந்து நிறுத்தத்துக்குப் போகிறார். கடைசி நாள் மழை வருகிறது, அவர் குடையை விரிக்கவில்லை. முடித்துவிட்டு நானே இரண்டு தடவை படித்து ரசித்தேன். இதற்குத்தான் இத்தனை வருடம் பார்த்ததும் படித்ததும்.

ஆசிரியருக்கு அனுப்பினேன். மச்சினனுக்கும் ஒன்று அனுப்பினேன், கதை என்றால் என்ன என்று அவனும் பார்க்கட்டும்.

மார்ச் 22, ஞாயிறு

காலையில் ஆசிரியர்: "நல்லா வந்திருக்கு. அடுத்த இதழ்லயே போடுறேன்." அரை நாள் தரையில் கால் படவில்லை.

மத்தியானம் மச்சினன் வந்தான். வழக்கமாக வாசலிலேயே ஆரம்பிக்கிறவன் நேராகப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தான். நான்தான் கேட்டேன்.

"கதை நல்லா இருக்கு மாமா. ஆனா... இது நீங்க போன வருஷம் கிழிச்ச கதைதானே?"

போனை நீட்டினான். என் பக்கம், என் வரிகள். "மனைவி செத்தால் குடையோடு நிறுத்தத்துக்குப் போவதைத் தவிர ஆண்களுக்கு வேறு வேலையே இல்லையா? கடைசியில் மழை வரும், குடையை விரிக்க மாட்டான். முதல் பத்தியிலேயே தெரிந்துவிட்டது." யாரோ புது ஆள் எழுதிய கதை. படித்ததே மறந்துவிட்டது. கதை மட்டும் உள்ளே எங்கோ குந்திக்கொண்டிருந்து, நேற்று என் பெயரைப் போட்டுக்கொண்டு வெளியே வந்திருக்கிறது.

"இதை எதுக்குடா எடுத்து வச்சிருக்க?"

"நீங்க எழுதுறது எல்லாத்தையும் எடுத்து வச்சிருக்கேன் மாமா. என்ன செய்யக் கூடாதுன்னு பாத்துக்க."

கிண்டல் இல்லை. நிஜமாகவே சொன்னான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மார்ச் 23, திங்கள்

எவன் கண்டுபிடிக்கப் போறான்? அந்தக் கதையை எவன் ஞாபகம் வச்சிருக்கான்? எழுதுனவனே மறந்திருப்பான். — மறந்திருப்பானா? நான் கிழிச்சதை மறந்திருப்பானா?

மச்சினன் வெளியே சொல்ல மாட்டான். அதுதான் இன்னும் கேவலமா இருக்கு.

மார்ச் 24, செவ்வாய்

லேப் வாசலில் நின்று ஆசிரியரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். "தெரிஞ்சு செஞ்சீங்களா?"

"இல்ல சார்."

"சரி. கதையை எடுத்துடுறேன். முப்பத்தொண்ணு அப்படியேதான் இருக்கு."

என் பக்கத்திலும் நடந்ததை எழுதிப் போட்டேன். நான் சொல்லிக்கொடுத்த பாஷையிலேயே என்னைக் கிழித்தார்கள். நல்ல மாணவர்கள்.

மார்ச் 26, வியாழன்

இரண்டு நாளாக ஒரு வரி ஓடவில்லை. எந்த ஆரம்பத்தை எடுத்தாலும் எங்கேயோ பார்த்தது. கடிதம் வந்தால் பார்த்தது. ரயில் கிளம்பினால் பார்த்தது. என் மண்டைக்குள் எனக்கென்று ஒரு நாற்காலிகூட இல்லை, எல்லாம் அடுத்தவன் வீட்டுச் சாமான்.

சாயங்காலம் முதலாளி வந்து, "அந்தக் கோணல் பல் யாரோட வேலை?" என்றார். தொலைந்தோம் என்று நினைத்தேன். "டாக்டர் பேசினார். பெரியவர் அதைக் கழட்டவே மாட்டேங்குறாராம். தூங்கும்போதும் வேணுமாம். கழுவக் குடுக்கச் சொன்னா வாயைப் பொத்திக்கிறாராம்."

முதலாளி சிரித்துக்கொண்டே போய்விட்டார். இதை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

மார்ச் 29, ஞாயிறு

எழுதுகிறேன். கண்றாவியாக வருகிறது. மச்சினன் எழுதியதைவிட மோசம், அவன் கதையிலாவது கண்கள் குளமாகும்.

அந்த அம்மா பேசியதில் எனக்குப் பாதிதான் தெரியும். போட்டோவை மெழுகுத் தட்டின் பக்கத்தில் வைத்தது தெரியும். விரல் நுனியில் அந்தப் பல்லைத் தொட்டுக் காட்டியது தெரியும். போகும்முன் அப்பாவைப் பற்றிக் கடைசியாக ஏதோ சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து நின்றார். நான் தலையை ஆட்டினேன். அப்போது என் காதுக்குள் ஒருவன், மனிதர்களைக் கவனியுங்கள் என்று பேசிக்கொண்டிருந்தான்.

இட்டுக்கட்டி நாலு வரி போட்டுப் பார்த்தேன். நாலும் எங்கேயோ கேட்டது. அடித்துவிட்டேன்.

மார்ச் 31, செவ்வாய்

அனுப்பிவிட்டேன். அந்த இடத்தில் பல் செய்கிறவன் கேட்கவில்லை என்றே எழுதியிருக்கிறேன். கேட்டவன் மாதிரி தலையை ஆட்டினான் என்றும்.

அனுப்பும்முன் மச்சினனிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தான். "இதை நீங்க இதுக்கு முன்னாடி எங்கயும் கிழிக்கல மாமா" என்றான். கூடவே, "உங்களால கிழிக்க முடியும்" என்றும் சொன்னான். பயலுக்கு வாய் வந்துவிட்டது.

அவனுடைய முதல் பகுதியைப் படித்தேன். சகிக்கவில்லை. இரண்டாவதையும் படித்தேன்.

மே 10, ஞாயிறு

இதழ் வந்து ஒரு வாரம். இன்று ஒருவன் தன் பக்கத்தில் என் கதையைக் கிழித்திருக்கிறான். "ஒரு பல்லுக்கு ஆறு பக்கம். அந்தப் பெண் கடைசியில் சொன்னது என்ன என்று யோசிக்கக்கூட எழுதியவருக்குச் சோம்பல்." நாலே வரி. நன்றாகத்தான் எழுதியிருக்கிறான், சனியன். மச்சினன் சண்டைக்குக் கிளம்பினான், போனைப் பிடுங்கி வைத்தேன்.

அப்படி என்னதான் எழுதியிருக்கிறான் என்று அவன் பக்கத்தைத் தேடினேன். எல்லாம் அடுத்தவர் கதையைப் பற்றி. மேலே, "எழுத்தாளர். விரைவில் ஒரு நாவல்" என்று போட்டிருந்தான்.

எத்தனை வருடமாகத் தம்பி என்று கேட்கக் கை அரித்தது. கேட்கவில்லை. என் பக்கத்துக்கு வந்து, மேலே இருந்த அதே வரியை அழித்தேன். அதற்குள் அடுப்படியிலிருந்து குரல் வந்தது, "இன்னிக்கு உக்காரலையா?"

பார்த்தது: அவன் பக்கம். எழுதியது: ஒன்றரைப் பக்கம்.