பெரியதில் பாதி

மார்ச் 4
நூலகம் சின்னக் கட்டடத்துக்கு மாறுகிறது. புத்தகங்களின் மொத்தத்தைக் குறைக்க வேண்டும். அதற்கான கணினி நிரலை என்னை எழுதச் சொன்னார்கள், எழுதிவிட்டேன். எந்தப் பிரிவில் புத்தகம் அதிகமோ அது வரிசையின் தலைக்கு வரும். அதில் பாதியைக் கழி. மீதியைத் திரும்ப வரிசையில் போடு. இப்போது எது பெரியதோ, அதில் பாதி. கண்ணெதிரே இருக்கும் பெரியதைப் பிடி, பின்னால் வருவதை யோசிக்காதே. வகுப்பில் இதற்குப் பேராசை வழிமுறை என்று பெயர். கொடுத்த சுற்றுகளுக்குள் மொத்தத்தை இதைவிடக் குறைக்க முடியாது. நிரூபணம் உண்டு. அழகான நிரூபணம்.

எந்தப் பாதியைக் கழிப்பது? குறைவாக இரவல் போனவற்றை. அதிலும் குழப்பமில்லை.

மார்ச் 7
சட்டப் பிரிவு ஒரே நாளில் நான்காகிவிட்டது. நிலம், குடும்பம், குற்றம், வணிகம். குவியலை உடைத்தால் தலைக்கு வராது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். "பிரிவு வளருதுங்க, நாங்க என்ன செய்ய?" என்றார் பொறுப்பாளர், என் முகத்தைப் பார்க்காமல். வளர்கிறதாம்! ஆளாளுக்கு என் கண்ணில் மண்ணைத் தூவுகிறார்கள்.

மார்ச் 11
பார்வையற்றோர் விரலால் தடவி வாசிக்கும் பிரெயில் பிரிவு மட்டும் உடையவில்லை. அதுவே சந்தேகம். வாசகர்களை விரல்விட்டு எண்ணலாம். புத்தகமோ எல்லாப் பிரிவுகளையும்விட அதிகம். பாதியைக் கழித்து லாரியில் அனுப்பியாகிவிட்டது. இன்றும் அதுவே தலையில் நிற்கிறது. எப்படி? பொறுப்பாளரை, அந்த எழுத்துப் புள்ளிகளை வைத்து, புள்ளியம்மா என்பார்கள். அமைதியான பெண்மணி. எங்கிருந்தாவது கொண்டுவந்து அடுக்குகிறாரோ?

தலைமை நூலகர் காதில் போட்டுவைத்தேன்: "அந்த எண்ணிக்கையை மட்டும் நம்பாதீங்க சார்."

மார்ச் 13
மொத்தம் இறங்குகிறது.

மார்ச் 18
அண்ணி நூலகத்திலிருந்து வெறுங்கையோடு வந்தார். பார்வை போன பிறகு விரலால் வாசிக்கப் பழகியவர். ஏழு பாக நாவல், ஆறு முடித்துவிட்டார். ஏழாவது இல்லையாம்.

"எவனோ அமுக்கிட்டான் தம்பி. வேணும்னே. கதைல அவ திரும்பி வந்தாளா இல்லையான்னு தெரியாம நான் எப்படித் தூங்குவேன்?"

அச்சில் அது ஒரே புத்தகம். பிரெயிலில் ஏழு தடித்த பாகங்கள். ஓ. குவியல் அதனால்தான் பெரிதா? சரி. ஆனால் ஏழாவது எங்கே? என் நிரலுக்குத் தப்ப வைக்க வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாரா புள்ளியம்மா? செய்யக்கூடியவர்தான் என்று தோன்றுகிறது.

மார்ச் 19
கேட்டேவிட்டேன். "ஏழாவது பாகத்தை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"ஒளிச்சு வச்சிருந்தா நல்லாருந்திருக்கும் சார்."

அலமாரி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். ஒரு நாவல்: ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம் அடுத்த நாவல்: ஒன்று, இரண்டு. பலரும் விரும்பியதில் கடைசிப் பாகம் மட்டும் இல்லை. மற்றவற்றில் கடைசி நாலு, ஐந்து. அந்த அறையில் எந்தக் கதைக்கும் முடிவு கிடையாது.

நடுவில் விட்டுவிடுகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். அப்படியானால் எந்தக் கதையிலும் கடைசிப் பாகம்தான் குறைவாக இரவல் போகும். குறைவாகப் போனது கழியும். ஐயோ — நானேதான்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல நீங்க?"

"சொன்னேனே. புள்ளியம்மா கணக்குல தில்லுமுல்லுன்னு நீங்க ஏற்கெனவே மேல போட்டுக் குடுத்துட்டீங்களாம். அப்புறம் என் பேச்சை யாரு கேப்பா?"

லாரி போனது காகித ஆலைக்கு.

மார்ச் 20
நடந்ததைச் சொன்னதும் தலைமை நூலகர்: "மொத்தம் குறைஞ்சுதா இல்லையாப்பா? அதுக்குத்தானே உன்னைக் கூப்பிட்டோம்?"

குறைந்தது. நிரூபணத்தில் எங்கேயும் பிழையில்லை, திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். அதுதான் பயமாக இருக்கிறது.

யாரையும் கேட்காமல் பிரெயில் பிரிவை வரிசையிலிருந்து எடுத்துவிட்டேன். தெரியும்போது தெரியட்டும்.

மார்ச் 22
அண்ணியிடம் சொன்னேன். "ஓ, நீயா" என்றார். அவ்வளவுதான். நாலு திட்டு திட்டியிருக்கலாம். அண்ணன் எழுந்து போனான்.

மார்ச் 23
அச்சுப் புத்தகத்தை வாங்கிவந்து, ஆறாம் பாகம் முடிந்த இடத்திலிருந்து வாசித்துக் காட்டினேன். மத்தியானம் முழுக்க. தொண்டை கட்டிவிட்டது. அண்ணி சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுது அண்ணி."

"அதுக்குள்ளயா? அவ வாசல் வரைக்கும் வந்து நிக்கறா, அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"எதையாவது விட்டுட்டியா?"

"சத்தியமா இல்ல அண்ணி."

கையை நீட்டினார். நான் நிறுத்திய இடத்தில் விரல் வைத்துப் புத்தகத்தைக் கொடுத்தேன். வழவழப்பான தாளைத் தடவினார். பிறகு கட்டைவிரலால் மீதியைப் புரட்டினார்.

"இன்னும் ரெண்டு தாள் இருக்கே?"

"அது வெறும் தாள் அண்ணி. ஒண்ணும் அச்சடிக்கல."

"அப்படின்னு நீ சொல்றே" என்றார்.