தொட்டியை மூட விடமாட்டேன்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நான் நலம். பாப்பாவும் நலம், முன்பல் ஒன்று விழுந்து பொக்கை வாயோடு திரிகிறாள். மாடுகள் இரண்டும் நலம். தொட்டியின் நலத்தைப் பிறகு சொல்கிறேன், முதலில் உங்களைத் திட்டி முடித்துக்கொள்கிறேன். போனில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினாலே உங்களுக்கு சிக்னல் போய்விடுகிறது. காகிதத்தில் அந்த வசதி கிடையாது. உட்கார்ந்து முழுசாகப் படியுங்கள்.

சாண எரிவாயுத் தொட்டியில் மண்ணைக் கொட்டி மூடிவிடலாம், மாடுகளை விற்றுவிடலாம் என்று உங்கள் அண்ணன் கேட்டதற்குச் சரி என்றீர்களாமே? என்னை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா? அந்தக் குழி வெட்டும்போது நீங்கள் வெளிநாட்டில் இருந்தீர்கள். கொத்தனாரோடு நின்று செங்கல் எடுத்துக் கொடுத்தவள் நான். விடிந்ததும் சாணியைக் கையால் கரைத்து ஊற்றுகிறவள் நான். அறுவடை முடிந்து எல்லோரும் கொளுத்திவிடும் சோளத்தட்டையைக் கேட்டு வாங்கிவந்து, பொடிப்பொடியாக நறுக்கி, ஊறவைத்து உள்ளே போடுகிறவளும் நான்தான். இந்த வீட்டில் யாரிடமும் கை நீட்டாமல் நான் தலைநிமிர்ந்து நிற்பது அந்த இரண்டு மாட்டாலும் அந்தத் தொட்டியாலும்தான். அது உங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் தலையாட்டினீர்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தொட்டி தானாகச் செத்துப்போனது என்று அவர் சொல்லியிருப்பார். தானாக ஒன்றும் சாகவில்லை. அவருடைய பெண்ணுக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளை வீட்டார் முதல்முறையாக வந்தார்கள் இல்லையா, அன்றைக்கு நடந்தது இது. முன்வீட்டுக் கூடத்தில் அவர்கள் உட்காரும்போது நம் தொழுவத்து வாசனை வந்தால் மானம் போய்விடுமாம். நான் பால் ஊற்றப் போன நேரம் பார்த்து, அவரும் அவர் மனைவி அக்காவும் தொழுவம் முழுக்கப் பினாயிலை ஊற்றிக் கழுவியிருக்கிறார்கள். பாட்டில் கணக்கில் இல்லை, பெரிய கேன். மாட்டு மூத்திரம் வீணாகக் கூடாதென்று நான் கட்டிவைத்த வாய்க்கால் வழியாக அத்தனையும் நேரே தொட்டிக்குள் போய்விட்டது. சாணியைக் கேஸாக மாற்றுவதே கண்ணுக்குத் தெரியாத கிருமிகள்தான். நல்ல கிருமி கெட்ட கிருமி என்று பினாயிலுக்கு என்ன தெரியும்? வந்தவர்கள் அன்று குடித்த டீ கூட அந்த கேஸில் போட்டதுதான். அப்புறம் நாளுக்கு நாள் ஜுவாலை குட்டையாகி, ஒரு காலையில் பற்றவே இல்லை.

உங்கள் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, இதற்குத்தான் அப்போதே சொன்னேன் என்றார். அப்போது அவர் எதுவுமே சொல்லவில்லை. தொட்டி இருக்கும் இடத்தில் மாப்பிள்ளையின் கார் நிறுத்த ஷெட் போட வேண்டுமாம். அந்த மாப்பிள்ளை இன்னும் கார் வாங்கவில்லை.

அதற்குள் டிராக்டரில் மண் வந்து இறங்கப் பார்த்தது. நான் கருப்பி, சண்டைக்காரி இரண்டு மாட்டையும் அவிழ்த்துக்கொண்டு போய்த் தொட்டிக்கு இரண்டு பக்கமும் கட்டினேன். நடுவில் நான் உட்கார்ந்தேன். உங்கள் அண்ணன், "உன் புருஷனே சரின்னுட்டான், மறிக்கிறதுக்கு நீ யாரு?" என்றார். அதுவும் தெருவில் நாலு பேர் நின்று பார்க்கும்போது. அந்தக் கேள்வியை அவர் வாயில் வைத்தது நீங்கள்.

"தெனமும் சாணி கரைக்கிறவ நான்தான். மூடணும்னா என்னைத்தான் கேக்கணும்" என்றேன்.

டிராக்டர்காரர் நல்ல மனுஷர். மண் கொட்ட வந்தேனே தவிர மாட்டின் மேல் ஏற்ற வரவில்லை என்று சொல்லிவிட்டு, அத்தனை மண்ணையும் உங்கள் அண்ணன் வீட்டு கேட்டுக்கு முன்னால் கொட்டிவிட்டுப் போய்விட்டார். ஒரு வாரம் அவருடைய பைக் வெளியே வரவில்லை. நான் சிரிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

அன்றைக்கே வேலையைத் தொடங்கினேன். கெட்டுப்போன கரைசலில் பாதியை வாளி வாளியாக இறைத்து வெளியேற்றினேன். தெருவே மூக்கைப் பிடித்தது, பிடிக்கட்டும். பக்கத்துத் தெருவில் பால் சேகரிக்கும் அம்மா வீட்டில் நன்றாக ஓடும் தொட்டி இருக்கிறது. அதிலிருந்து இரண்டு டிரம் கரைசல் கொடுத்தார். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான் இதுவும். உறை விழுந்தபின் அவசரப்படக் கூடாது. தட்டை எதுவும் போடாமல், புதுச்சாணியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ஊற்றினேன்.

முதலில் வந்த கேஸ் எரியவில்லை. உங்கள் அண்ணன் சமையலறை வாசலில் நின்று, வெறும் காற்று வருகிறது, பலூன் ஊதலாம் என்றார். முதலில் வருவது எரியாது, திறந்துவிட வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவர் போனபிறகு அடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதேன். உங்கள் மேல்தான் ஆத்திரம்.

போன செவ்வாய்க்கிழமை பற்றிக்கொண்டது. நல்ல நீலமாக, சீறிக்கொண்டு. நான் போட்ட கூச்சலில் பாப்பா ஓடிவந்து என்னோடு சேர்ந்து குதித்தாள். மறுநாள் அக்கா பின்வாசல் வழியாக வந்து, சிலிண்டர் தீர்ந்துவிட்டது, கொஞ்சம் வெந்நீர் வைத்துக்கொள்ளட்டுமா என்றார். தாராளமாக வையுங்கள் என்றேன். பெரிய மனசெல்லாம் ஒன்றுமில்லை. அந்தத் தண்ணீரில் உங்கள் அண்ணன் குளித்தார் பாருங்கள், அது போதும் எனக்கு.

ஆனால் அவர் விட்டபாடில்லை. தம்பி வாக்குக் கொடுத்துவிட்டான் என்று சொல்லி, வருகிற வாரம் மாட்டுத் தரகரை வரச் சொல்லியிருக்கிறார். வரட்டும். கயிறு என் கையில்தான் இருக்கும். நீங்கள் என் பக்கம் பேசினாலும் பேசாவிட்டாலும் மாடுகள் இங்கேதான் நிற்கும், தொட்டி இங்கேதான் இருக்கும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். வெயிலில் அதிகம் நிற்காதீர்கள். எங்கே இருந்தாலும் நன்றாக இருங்கள், அதைக் கோபத்தோடு சொன்னாலும் மனசாரத்தான் சொல்கிறேன். தரகர் வருவதற்குள் உங்கள் அண்ணனுக்கு ஒரு போன் போடுங்கள். நீளமாகப் பேச வேண்டாம், சண்டை போட வேண்டாம். "அவளைக் கேளுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். தனியாக நிற்க எனக்குத் தெரியும், நின்று காட்டிவிட்டேன். இனிமேலும் தனியாகத்தான் நிற்க வேண்டுமா என்பதை மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி